பாமினிக் கோப்புகளோடு லினக்ஸுக்கு வந்த கதை

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே தமிழ் டைப்பிங் செய்கிறேன். டியூசன் சேர்மாரின் வினாத்தாள்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், இறந்தவர்களின் நினைவாக அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்கள் என்று பதினைந்து வருட வேலை முழுவதும் ஒரு லப்டொப்பில் இருக்கிறது.

அது 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமா என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், புதுசு எடுங்கள் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. கீபோர்டில் ஒரு எழுத்துக்கூடப் பழுதில்லை.

அண்ணாவின் மகன்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் என்றான். "மாமி, உடனே ஒன்றையும் அழிக்க வேண்டாம். பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கோ." அப்படியே இரண்டு நாள் ஓட்டினேன். வைஃபை வந்தது, பிரிண்டர் வந்தது, தமிழ் இணையத்தளங்கள் வடிவாகத் தெரிந்தன. ஆவணங்களையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு விண்டோஸை எடுத்துவிட்டேன். இன்ஸ்டால் செய்ததில் சொல்ல ஒன்றுமில்லை, அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

அப்புறம் ஒரு பழைய கல்வெட்டைத் திறந்தேன். அம்மா ஒருவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிரம்பிக் கிடந்தன. நெஞ்சு திக்கென்றது.

கோப்பில் பழுதில்லை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் வைத்திருக்கும் உலகப் பொது முறைதான் யூனிகோட்; பாமினி அப்படியல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். இணையத்தளங்கள் யூனிகோடில் இருப்பதால்தான் ஒழுங்காகத் தெரிந்திருக்கின்றன. எழுத்துருக் கோப்பைப் போட்டு, ஆவணங்களைத் திறக்கும் லிப்ரே ஒபிஸ் செயலியை மூடித் திறந்தேன். அந்த அம்மாவின் பெயர் திரும்பி வந்தது. சில பக்கங்களில் வரிகள் கொஞ்சம் இறங்கியிருந்தன, அவற்றைக் கையால் திருத்தினேன்.

பாமினியில் அடிக்க வேறு எதுவும் தேவையில்லை. எழுத்துருவைத் தெரிவுசெய்து ஆங்கிலக் கீபோர்டிலேயே அடிக்கலாம். ஆனால் இப்போது பலரும் யூனிகோடில்தான் கேட்கிறார்கள். அதற்கு, பல மொழிகளில் டைப் செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளை இறக்கி, ஒருமுறை லொக் அவுட் செய்து வந்து அதிலுள்ள தமிழ் விசைப்பலகைகளின் பட்டியலைப் பார்த்தேன். தமிழ்99, பொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட்... அவற்றோடு ரங்கநாதன்! இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் உள்ள விசைப்பலகை. டைப்ரைட்டிங் வகுப்பில் விரலில் ஏறிய 'யளனக' வரிசை அதில் அப்படியே இருந்தது. உலகத்துக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் ஒரு பொதிக்குள், நம் ஊர் டைப்பிஸ்ட்டுகளின் விரல்களை நினைத்து யாரோ மினக்கெட்டு இதைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

இதே வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. விண்டோஸை எடுக்கும் முன் ஆவணங்களோடு அதிலுள்ள ஃபொண்ட்ஸ் ஃபோல்டரையும் பிரதி எடுத்து வையுங்கள். நான் அதை விட்டுவிட்டு, தெஹிவளையில் டைப்பிங் செய்யும் ஓர் அக்காவிடம் போய்த்தான் பாமினியை வாங்கி வந்தேன்.