பன்னிரண்டு ஆண்டுப் பணிக்கொடையும் ஒரு பழைய இ.எஸ்.ஐ. தாளும்

கொங்குப் பகுதியில் பம்பு செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 2010 ஆகஸ்ட் 2 முதல் 2022 மார்ச் 31 வரை லேத் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். முதுகுவலி தாங்காமல் நானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினேன். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர் தானாக விலகினாலும் அவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் போனது, அதைக் கேட்கும் முறை. அந்த அறியாமையால்தான் இரண்டு ஆண்டுகள் அலைந்தேன்.

என் முதல் தவறு, வாயால் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை நான்கு முறை பர்சனல் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் “அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி” என்றே அனுப்பி வைத்தார். ஆகஸ்டில் பொறுமையிழந்து, புது வேலையில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கம்பெனி தர மாட்டேன்னு சொன்னதுக்குக் காகிதம் எங்கே?” என்று கேட்டார். இல்லை என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எந்தக் காகிதம், அதை எப்படிப் பெறுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

அந்த வார்த்தையைச் சொன்னவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பெரியவர் ஒருவர். “முதல்ல கம்பெனிகிட்ட பணிக்கொடை கேக்குற ‘ஐ’ (I) படிவத்தைப் பூர்த்தி பண்ணி, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல கம்பெனிக்கு அனுப்பு கண்ணு. அவங்க என்ன பதில் போட்டாலும் அது உனக்கு ஆதாரம்தான்” என்றார். வேலையை விட்ட 30 நாளுக்குள் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது. நான் செப்டம்பரில்தான் அனுப்பினேன். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகப் பணிக்கொடை உரிமை அழிந்துவிடாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அக்டோபரில் வந்த பதிலைப் படித்தபோது கை நடுங்கியது. நான் 2018 ஏப்ரலில்தான் வேலைக்குச் சேர்ந்தேனாம்; நான்காண்டுகூட நிறையவில்லையாம்; அதனால் பணிக்கொடை கிடையாதாம். அதன் பின்னணி இது: 2018இல் எங்களில் பலரை வரிசையாக அழைத்து, ஒரு ராஜினாமாக் கடிதத்திலும் ஒரு புது வேலை விண்ணப்பத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மறுநாள் காலை அதே லேத்தில், அதே ஷிப்டில்தான் நின்றோம். அப்போது அதை ஒரு சடங்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால், தயவுசெய்து குறைந்தது ஒரு நகலாவது வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

டிசம்பரில், நிறுவனம் மறுத்ததை எதிர்த்து மனுச் செய்யும் ‘என்’ (N) படிவத்துடன் மறுபடியும் தொழிலாளர் துறை அலுவலகம் போனேன். எதிர்தரப்பினர் எத்தனை பேரோ அத்தனை கூடுதல் நகல்கள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மதியம் திரும்பியபோது, வேலையை விட்டு 90 நாள் கடந்துவிட்டது, வாங்க முடியாது என்றார் அதே எழுத்தர். நிறுவனம் மறுத்த நாளிலிருந்துதான் 90 நாளைக் கணக்கிட வேண்டும் என்பதை நான் அதற்குள் படித்துவைத்திருந்தேன். மறுப்புக் கடிதத்தின் தேதியைக் காட்டினேன். தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு ஒன்றையும் முன்னெச்சரிக்கையாக இணைத்திருந்தேன். வாங்கிக்கொண்டார். என் நகலில் தேதியுடன் முத்திரை விழும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

2023 மார்ச்சில் விசாரணை தொடங்கியது. வாய்தா மேல் வாய்தா. வழக்கறிஞர் வைக்க எனக்கு வசதியில்லாததால் நானே ஆஜரானேன். 2010 முதல் 2018 வரையிலான மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேடுகளை, கொண்டுவருமாறு வழக்கை விசாரித்த கட்டுப்பாட்டு அதிகாரி கேட்டபோது, அவை கரையான் அரித்து அழிந்துவிட்டன என்று நிறுவனத் தரப்பு பதில் சொன்னது. என்னிடமோ பணி நியமன ஆணை கிடையாது. எங்கள் ஆலையில் யாருக்கும் அதைக் கொடுத்ததே இல்லை.

அன்று இரவு அம்மாதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பழைய ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், நான்காய் மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒரு தாள் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்காகக் கொடுத்த தற்காலிக அடையாளச் சான்று அது. என் பெயர், அம்மாவின் பெயர், நிறுவனத்தின் குறியீட்டு எண், அதன் அருகே பணியில் சேர்ந்த தேதி: 02.08.2010. கீழே நிறுவனத்தின் முத்திரை ஊதா மையில் மங்கலாக இருந்தது. அடுத்த வாய்தாவில் அதிகாரி அந்தத் தாளையும் நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு எதிர்தரப்பிடம், “இது உங்க முத்திரைதானே?” என்று மட்டும் கேட்டார். அவர்களால் மறுக்க முடியவில்லை.

‘எல்லாக் கணக்கும் முடிந்தது’ என்று 2018இல் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அடுத்ததாக நீட்டினார்கள். பணிக்கொடைச் சட்டத்துக்கு முரணான எந்த ஒப்பந்தமும் அதன் முன் நிற்காது என்பதால் அதுவும் எடுபடவில்லை. நான் தாமதமாகக் கேட்டதால் வட்டி தர முடியாது என்ற வாதமும், அதற்கான எழுத்துப்பூர்வ அனுமதியை அவர்கள் அதிகாரியிடம் பெற்றிருக்காததால் தள்ளுபடியானது.

2024 பிப்ரவரியில் ஆணை வந்தது. என் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,300 ரூபாய். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 550 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 8,250 ரூபாய். பதினோரு ஆண்டு எட்டு மாதத்தில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி ஓராண்டாகக் கொள்ளப்படுவதால், பன்னிரண்டு ஆண்டுக்கு 99,000 ரூபாய். 10 சதவீதத் தனிவட்டியாக ஈராண்டுக்கு 19,800 ரூபாய். மேல்முறையீடு செய்வதானால் பணிக்கொடைத் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்பதாலோ என்னவோ, அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஏப்ரல் கடைசியில் வரைவோலை கைக்கு வந்தது.

இதெல்லாம் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இனி விண்ணப்பிப்பவர்கள் படிவங்களை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்வோருக்கு அதில் ஓராண்டு நிறைந்தாலே பணிக்கொடை உண்டு.

என்னோடு 2018இல் கையெழுத்திட்டவர்களில் மூவர் இப்போது விண்ணப்பித்திருக்கிறார்கள். இருவரிடம் அந்த இ.எஸ்.ஐ. தாள் பத்திரமாக இருக்கிறது. மூன்றாமவர் தொலைத்துவிட்டார், அவருடைய பழைய பி.எஃப். கணக்குச் சிட்டைகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.