நகராத சாமி

சுவிட்சர்லாந்தின் பாசல் பேராலயத்துக்குப் போகிறவர்கள் செம்மணற்கல் கோபுரங்களையும் பின்புறம் ஓடும் ரைன் ஆற்றையும்தான் படமெடுக்கிறார்கள். நான் போனது ஒரு தூணைப் பார்க்க. அதில்தான் எராஸ்மஸின் நினைவுப் பலகை இருக்கிறது. மறுமலர்ச்சிக்கால அறிஞர், கத்தோலிக்கப் பாதிரியார். 1529இல் ஊர் புராட்டஸ்டன்டாக மாறியதும் வெளியேறினார். 1535இல் திரும்பி வந்து மறு வருடமே இறந்தார். அடக்கம் செய்தது, அவர் சேராத சபையின் ஆலயத்துக்குள்!

பலகையின் உச்சியில் ஒரு தலை. டெர்மினஸ், ரோமானியரின் எல்லைச்சாமி. ஜூபிடருக்குக் கோயில் கட்ட மற்ற தெய்வங்கள் ஒதுங்கிக்கொண்டபோதும் இவர் மட்டும் இம்மியும் நகரவில்லையாம்.

எராஸ்மஸிடம் இவர் வந்து சேர்ந்ததே ஒரு குளறுபடி. 1509 வாக்கில் மாணவர் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் பழங்காலக் கல் பதித்த மோதிரம் ஒன்றைப் பரிசளித்தார். கல்லில் இருந்த தாடிக்காரர் உண்மையில் டயோனிசஸ், மதுவின் கடவுள். பார்த்த இத்தாலியர் ஒருவர் டெர்மினஸ் என்று சொல்லிவிட, எராஸ்மஸும் அதையே தன் முத்திரையாக்கி, ‘யாருக்கும் விட்டுக்கொடேன்’ என்ற வாசகத்தையும் சேர்த்துக்கொண்டார்.

1519இல் ஓவியர் குவென்டின் மாட்சிஸ் செய்த பதக்கத்தில் ஒரு பக்கம் எராஸ்மஸ், மறுபக்கம் டெர்மினஸ். எதிரிகள் விடுவார்களா? என்ன திமிர் என்றார்கள். 1528இல் கடிதம் எழுதி விளக்கினார்: அப்படிப் பேசுவது நான் இல்லை, மரணம். சமாளிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ‘மரணமே எல்லாவற்றுக்கும் கடைசிக் கோடு’ என்ற ரோமானியக் கவிஞர் ஹோரேஸின் வரி அந்தப் பதக்கத்திலேயே இருக்கிறது. ஆக, வயல் வரப்பில் நின்ற சாமியை ஆயுளின் வரப்புக்கு அவர் முன்பே மாற்றிவிட்டிருந்தார்.

தூணடியில் நின்று கைப்பேசியில் எராஸ்மஸின் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஜெர்மன் ஓவியர் டியூரரின் 1526 செப்புத்தகட்டு அச்சில் டெர்மினஸ் இல்லை. புத்தகங்கள், பூச்சாடி, ‘இவரை இவர் எழுத்துகளே இன்னும் நன்றாகக் காட்டும்’ என்ற கிரேக்க வரி. கோடுகள் அபாரம், ஆனாலும் முகச்சாயல் எராஸ்மஸுக்குத் திருப்தியில்லை. டியூரர் அவரை நேரில் வரைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இன்னொரு ஓவியர் ஹோல்பைனின் மரச்செதுக்கு அச்சுதான் எனக்குப் பிடித்தது. அலங்கார வளைவின் கீழே எராஸ்மஸ் முழு உருவமாக நிற்கிறார். பக்கத்தில் காலில்லாத டெர்மினஸ். அந்தத் தலைமேல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தொடுவதுபோல, சாவகாசமாகக் கை வைத்திருக்கிறார் கிழவர்.