ஐப்பசி மழையில் புடலையும் வெண்டையும்

ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டை புரட்டாசிக் கடைசியில் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு தைப்பட்டம் வரை மொட்டை மாடியில் ஒன்றும் வராது என்று பலர் செடிப் பைகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வடசென்னையில் வெண்டை, புடலை, பாகல், பீர்க்கு எடுக்கலாம். செடிக்கு எது தடை என்று சரியாகப் புரிந்துகொண்டால் போதும்.

குளிர் இங்கே தடையே இல்லை. டிசம்பர் இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, அந்தச் சூட்டை வெண்டை தாங்கிக்கொள்ளும். கெடுப்பது தண்ணீர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பை நிரம்பி வேருக்குக் காற்று போகாது, இலை நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும், பூவிலுள்ள மகரந்தம் நனைந்து வீணாகும். ஆகவே செடிக்கு வேண்டியது ஒரு குடை. குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து நாலு பக்கமும் ஷீட் சுற்றினால், மழை விட்டு வெயில் அடிக்கிற ஒரே மதியத்தில் செடி வெந்துவிடும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

10 அடிக்கு 6 அடி இடத்துக்கு 200 மைக்ரான் யூவி (வெயில் தாங்கும்) பாலித்தீன் ஷீட் 12 அடிக்கு 9 அடி வேண்டும். குடையின் கால்களுக்கு 1 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். சாதா இரும்பு வேண்டாம், ராயபுரம், திருவொற்றியூர் உப்புக் காற்றில் சீக்கிரமே துரு ஏறிவிடும். மண்ணடியிலோ சாத்தாங்காட்டிலோ குழாயை அளவுக்கு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். தளத்தில் துளை போடாதீர்கள், அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் ஒழுகும். நான்கு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டுகளில் கான்கிரீட் நிரப்பிக் குழாயை நட்டால் ஒவ்வொன்றும் 45 கிலோவுக்கு வரும்.

கூரையின் தாழ்ந்த பக்கம் 6 அடி உயரம், உயர்ந்த பக்கம் 7½ அடி. தாழ்ந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்க வேண்டும். இந்தப் பருவத்தில் சாரலும் காற்றும் வருவது அங்கிருந்துதான். உயர்ந்த பக்கம் தென்மேற்கே திறந்திருந்தால் தெற்கே சாய்ந்த வெயில் உள்ளே இறங்கும். டிசம்பரில் உச்சி வேளையிலும் சூரியன் தென்வானில் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் 3 அடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் 2 அடிக்கு மேல் விழும். தெற்குச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளிப் பைகளை வையுங்கள். கொடிகளுக்கான பந்தல் வடக்கில், வெண்டை தெற்கில்.

ஷீட்டைக் கட்டிப்போடாதீர்கள், கிளிப்பில் மாட்டுங்கள். 1 அங்குல பிவிசி குழாயை 4 அங்குலத் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றை எடுத்துவிட்டால் ஜிஐ குழாயைக் கவ்விப் பிடிக்கும். இது ஏன் முக்கியம் என்றால், மணிக்கு 60 கி.மீ. காற்றிலேயே இந்த அளவு ஷீட்டைத் தூக்கும் விசை ஏறத்தாழ நான்கு பக்கெட்டின் மொத்த எடையைத் தொட்டுவிடும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது காற்று 100 கி.மீ.யைத் தாண்டியது. சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் அன்றைக்கே ஷீட்டைக் கழற்றிச் சுருட்டிக் கீழே கொண்டுபோய்விடுங்கள். செடி இரண்டு நாள் நனைந்தால் பிழைத்துக்கொள்ளும். பறந்துபோன குழாய் பக்கத்து வீட்டு ஆளின் தலையில் விழக்கூடாது.

எடையைப் பற்றி இன்னொன்று. 12×12 அங்குலப் பை நனைந்தால் 25 கிலோவைத் தாண்டும், 15×15 பை 50 கிலோ. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாடியில் இதைச் செய்யவே வேண்டாம். கான்கிரீட் தளமானாலும் பக்கெட்டையும் பெரிய பையையும் சுவர், உத்தரத்தை ஒட்டியே வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் இருக்க வேண்டும். தளத்தில் தேங்கும் தண்ணீர் அடித்துளையை அடைத்தால் மேலே குடை பிடித்துப் பயனில்லை.

மண் கலவையை மழைக்காலத்துக்கு மாற்ற வேண்டும். கோடைக்குப் பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் போட்டிருப்போம். அது தண்ணீரை விடாமல் பிடித்து வைப்பதால் இப்போது ஆகாது. செம்மண் 3 பங்கு, மக்கிய தொழு உரம் 3, ஆற்று மணல் அல்லது தூள் போகக் கழுவிய எம்-சாண்ட் 2, நார்த்தூள் 1. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு.

விதைப்பு செப்டம்பர் 10-க்குள் முடிய வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் செடிக்கு 40 நாள் வயதாகியிருந்தால் தாக்குப்பிடிக்கும். அக்டோபரில் முளைத்த செடி மேகமூட்டத்தில் வெளுத்து நீண்டு, தண்டடி அழுகிச் சாயும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) என்பது கணக்கு. வீட்டளவில் ஒரு சிட்டிகையில் புரட்டிக்கொண்டால் போதும். புடலை, பாகல் விதைகளின் ஓடு கெட்டி, 12 மணி நேரம் ஊற வைத்துவிட்டுப் போடுங்கள். புடலையில் குட்டையாகக் காய்க்கும் கோ 2 ரகம்தான் இந்தப் பந்தலுக்குச் சரி, நீளப் புடலை தரையில் முட்டும். வலையை 5 அடி உயரத்தில் கட்டினால் ஷீட்டுக்கும் கொடிக்கும் நடுவே காற்று போக இடம் இருக்கும்.

ஷீட் போடுவதிலும் அவசரம் வேண்டாம். கோடை முழுக்க உப்பான போர்வெல் தண்ணீர் குடித்த மண்ணில் உப்பு ஏறியிருக்கும், இலை ஓரம் கருகுவது அதனால்தான். பருவத்தின் முதல் இரண்டு மழையைத் திறந்தவெளியில் வாங்க விட்டால் அது கழுவிக்கொண்டு போகும். பிறகு மூடுங்கள். தாழ்ந்த ஓரத்தில் பாதியாக அறுத்த பிவிசி குழாயைத் தொங்கவிட்டால், 10 மி.மீ. மழைக்கு 100 லிட்டர் நல்ல தண்ணீர் சேரும். குடைக்குள் இருக்கும் செடிக்கு அதையே ஊற்றலாம். டிரம்மின் வாயைத் துணி கட்டி மூடுங்கள், இது டெங்கு கொசுவின் பருவமும்கூட.

இனி மகரந்தம். பகல் குறுகி இரவு குளிரும்போது கொடிவகைகளில் பெண்பூ கூடுதலாக வரும். அதே மாதங்களில் மழைக்குப் பயந்து தேனீ வெளியே வராது. கையால் சேர்க்காவிட்டால் பிஞ்செல்லாம் மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவது இந்த இடத்தில் நடக்கிற பெரிய தவறு. பாகல் பூ விடியற்காலையில் விரியும், 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கும் சுரையும் சாயங்காலம், புடலை இருட்டிய பிறகு. அப்போதுதான் விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சு தெரிகிற பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். பிஞ்சு கோணி, புள்ளியில் பிசின் வடிந்தால் அது வேறு கதை. அறுத்துப் பார்த்தால் பழ ஈயின் புழு இருக்கும். அந்தக் காயைப் பையிலோ குப்பை உரத்திலோ போடாமல் அகற்றிவிடுங்கள்.

குடை சில நோய்களைத் தடுக்கும், சிலவற்றை அழைக்கும். இலை நனையாததால் அடிச்சாம்பல் நோய் குறையும். ஆனால் மேற்சாம்பல் நோய்க்கு இலை ஈரம் தேவையில்லை, அதைக் கழுவிவிடும் மழையும் இப்போது இல்லை. மார்கழியில் இலை மேல் மாவு தூவியது போலத் தெரிந்த உடனே அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, புளித்த மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். அசுவினியும் இதே காரணத்தால் தங்கும், லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடித்தால் போகும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் மருந்தே கிடையாது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. அன்றே பிடுங்கிவிட்டு, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுங்கள்.

உரம் குறைவாகவே போதும். 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு 100 கிராம் மண்புழு உரம், வெயில் தலைகாட்டும் நாளில் லிட்டருக்கு 5 மி.லி. மீன் அமிலம். காசிமேட்டில் கிடைக்கும் மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் மூடி வைத்தால் ஒரு மாதத்தில் தயார். மூட்டமான வாரத்தில் தழைச்சத்தை ஏற்றினால் இலை மட்டும் கொழுத்துப் பூச்சிக்கு விருந்தாகும்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷீட் மேல் கரித்தூசி படியும். ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தை அது மேலும் குறைக்கும். மழை விட்ட வாரங்களில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். பொங்கல் கழிந்ததும் ஷீட்டைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மடித்து வையுங்கள். மடிப்புக்குள் பழைய செய்தித்தாள் வைத்தால் ஒட்டிக்கொள்ளாது.