அப்பாவின் கான்டெஸாவுக்குப் புது ஏசி

எங்கள் வீட்டுக் கான்டெஸா கார் 1994 மாடல். 1.8 ஜிஎல், இசுஸு பெட்ரோல் இன்ஜின், வெள்ளை நிறம். அப்பா முதல் ஆளாக வாங்கிய வண்டி. வாங்கும்போதே ஏசி இருந்தது. 2009 வாக்கில் அது நின்றுபோனது. அப்புறம் பதினான்கு வருடம் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினோம். அகலமான முன் கண்ணாடி, கறுப்பு ரெக்ஸின் சீட், சித்திரை மாதத் திருச்சி வெயில்: மூன்றும் சேர்ந்தால் மதியம் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. எழுபது வயது தாண்டியதும் அப்பா பகலில் அந்த வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் உறுத்தியது. 2023 மாசியில், வெயில் ஏறுவதற்குள் ஏசியை முழுசாகப் புதிதாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் போன கடையில் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். “ஓஸ் ரெண்டு மாத்தி, இப்ப வர்ற கேஸையே அடிச்சுடலாம் சார், சாயங்காலம் எடுத்துக்கலாம்.” செலவு குறைவு என்பதால் ஆசையாகத்தான் இருந்தது. நல்லவேளை, இன்னொருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தோன்றியது. அப்படித்தான் பாயிடம் போய்ச் சேர்ந்தேன். முப்பது வருடமாகக் கார் ஏசி மட்டுமே பார்ப்பவர். பானெட்டைத் திறந்து பழைய ஓஸை விரலால் வளைத்துக் காட்டினார். ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அவர் சொன்ன காரணம் இது. அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது ஆர்-12 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்கப் படிப்படியாக நிறுத்தினார்கள். இந்தியாவில் 2010-ல் அதன் கதை முடிந்தது. இப்போது கிடைக்கும் ஆர்-134ஏ கேஸ், அதை அழுத்திச் சுற்றவிடும் பழைய கம்ப்ரஸரில் இருக்கும் மினரல் ஆயிலோடு கலக்காது. கலக்காவிட்டால் ஆயில் சுற்றிவிட்டுக் கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் வழியிலேயே தங்கிவிடும், கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் ஓஸ் வழியாகப் புது கேஸ் மெல்லக் கசியும். கேஸின் சூட்டை வெளியே விடும் பழைய கண்டன்சருக்கு இந்த கேஸைக் குளிர வைக்கும் சக்தியும் போதாது. “அரைகுறையா செஞ்சா ரெண்டு மாசத்துல திரும்ப வருவீங்க தம்பி” என்றார். சில இடங்களில் விலை குறைவு என்று எரியக்கூடிய கேஸ் கலவையை அடிக்கிறார்கள், அதற்கு மட்டும் சம்மதித்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். டேஷ்போர்டுக்கு உள்ளே, மனிதர் உட்காரும் இடத்தில், அது கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

பழையதைக் கழற்ற ஒரு நாள் ஆனது. உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் பெட்டியைத் திறந்தபோது வேப்பஞ்சருகும் எலி கடித்த பஞ்சும் ஒரு கை நிறைய வந்தன. கான்டெஸாவுக்கென்று தயாராக வரும் கிட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லா வண்டிக்கும் பொருந்துகிற யுனிவர்சல் சாமான்களை வைத்துத்தான் கட்ட வேண்டும். ஐந்து பிஸ்டன் உள்ள சாண்டன் 5எச்14 கம்ப்ரஸர், பேரலல் ஃப்ளோ கண்டன்சர், கேஸ் விரிந்து குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வோடு புதுக் கூலிங் காயில், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஓஸ், மூட்டுகளுக்குப் பச்சை ரப்பர் ஓ-ரிங்குகள், பிரஷர் சுவிட்ச், 12 அங்குல மின்விசிறி. சில சாமான்களுக்காகச் சென்னைக்குப் போய் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒரு நாள் அலைந்தேன். கண்டன்சரை மட்டும் அளவெடுக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்கு அட்டையை வெட்டி, அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோனேன். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது அட்டையைவிட இரண்டு அங்குலம் அகலம்.

அதிக நாள் எடுத்தது கம்ப்ரஸர் பிராக்கெட். புது கம்ப்ரஸர் பழைய பிராக்கெட்டில் உட்காராது. பாய் முதலில் அட்டையில் வெட்டினார், அப்புறம் பிளைவுட்டில், கடைசியாகத்தான் லேத் பட்டறையில் 10 மில்லி இரும்புத் தகட்டில். அப்படியும் முதல் பிராக்கெட் தப்பிவிட்டது. கம்ப்ரஸர் புல்லியும் கிராங்க் புல்லியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எங்களுக்கு 3 மில்லி வித்தியாசம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சோதனை ஓட்டத்தில் விராலிமலை தாண்டும்போது பெல்ட் கத்த ஆரம்பித்தது, கொஞ்ச தூரத்தில் கழன்று விழுந்தது. மறுநாள் பாய் நீளமான இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் சாய்த்து வைத்தார். ஒரு பக்கம் ஒட்டி நின்றது, மறுபக்கம் மூன்று மில்லி இடைவெளி அப்படியே தெரிந்தது. வாஷர் வைத்துச் சரிக்கட்ட அவர் ஒப்பவில்லை. பிராக்கெட்டைத் திரும்பவும் லேத்துக்கே அனுப்பினார். அந்த வேலைக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். இன்றுவரை பெல்ட் சத்தம் போட்டதில்லை.

கரண்ட் கணக்கையும் முன்னாலேயே போட்டுவிட்டோம். உள்ளே ஊதும் பிளோவர், முன்னால் மின்விசிறி, கம்ப்ரஸர் கிளட்ச் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 30 ஆம்பியர் கேட்கும். ராத்திரியில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் பழைய ஆல்டர்னேட்டர் தாங்காது. 65 ஆம்பியர் உள்ளதை மாட்டினோம். விசிறிக்கும் கிளட்சுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். முப்பது வருட ஒயரிங்கில் அவ்வளவு சுமையை நேராக ஏற்றுவது ஆபத்து.

எல்லாம் பூட்டிய பிறகு கேஸ் அடிப்பதற்கு முன், கசிவு பார்க்க நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு ராத்திரி விட்டார். காலையில் கேஜ் முள் பத்து பிஎஸ்ஐ இறங்கியிருந்தது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்ததில் கூலிங் காயில் மூட்டு ஒன்றில் கடுகு அளவுக்கு ஒரே ஒரு குமிழி நிதானமாக ஊதிக்கொண்டு வந்தது. ஓ-ரிங் முறுக்கிக்கொண்டிருந்தது. மாற்றி, ஆயில் தொட்டுப் பூட்டினார். மறுபடி ஒரு ராத்திரி. இந்த முறை முள் அசையவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாத கடையில் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அப்புறம் வேக்கம் பம்பை 45 நிமிடம் ஓட்டினார். காற்றோடு உள்ளே இருக்கும் ஈரமும் அந்தக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி வெளியேறிவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி அடைக்கும். டிரையரின் மூடியைக் கடைசி வரை கழற்றாமல் வைத்திருந்ததும் அதற்காகத்தான். கேஸை எடை மெஷினில் வைத்து 700 கிராம் அடித்தார்.

சாவியைப் போட்டதும் குளிர் வந்தது. ஆனால் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தியே ஓட்டியதில் கம்ப்ரஸர் கேஸைத் தள்ளும் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் ஹை சைடு கேஜ் 330 பிஎஸ்ஐக்குப் போய்விட்டது. இன்ஜின் சூடும் ஏற ஆரம்பித்தது. கேஸ் அதிகமோ என்று நான் நினைத்தேன். பாய் ஒன்றும் சொல்லாமல் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். கண்டன்சருக்கு முன்னால் இருக்கும் விசிறி காற்றை உள்ளே தள்ள வேண்டும். தாள் கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தாள் வெளியே பறந்தது. விசிறி எதிர்த்திசையில் சுற்றி, இன்ஜின் சூட்டையே கண்டன்சர் மேல் இழுத்துக்கொண்டிருந்தது. இறக்கையைத் திருப்பிப் போட்டு ஒயரை மாற்றிக் கொடுத்தோம். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஸ்பாஞ்ச் பட்டையால் அடைத்தோம். ஹை சைடு 230-க்கு இறங்கியது, லோ சைடு 32-ல் நின்றது.

ஏசியின் வேலை உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்துவந்து வண்டியின் மூக்கில் கொட்டுவது; கொட்டுகிற இடத்தில் காற்று ஓடவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்ரஸரும் பயன் தராது. எனக்கு அது புரிந்தது அந்தத் தாள் பறந்தபோதுதான். பட்ஜெட்டில் கை வைக்க வேண்டியிருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் வையுங்கள், கண்டன்சரிலும் விசிறியிலும் வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருந்தது. கேஜ் எல்லாம் சரி, ஆனால் காற்று வெளிவரும் டேஷ்போர்டு ஜன்னலில் தெர்மாமீட்டரைச் செருகினால் 16 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில் ஹீட்டர் ஓஸைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஹீட்டர் வால்வ் தேய்ந்துபோய் இன்ஜினின் வெந்நீர் எந்நேரமும் டேஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் குளிரவைத்து, மறுபக்கம் அதே காற்றைச் சுட வைத்திருக்கிறோம். திருச்சியில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? அந்த ஓஸைத் திருப்பி இன்ஜினுக்கே இணைத்துவிட்டோம். அரை மணியில் தெர்மாமீட்டர் 9 காட்டியது.

ஐடிலிங்கில் கம்ப்ரஸர் பிடிக்கும்போது ஆர்பிஎம் 850-லிருந்து 600-க்கு விழுந்து இன்ஜின் நடுங்கியது. கார்புரேட்டரில், அந்த நேரம் ஆர்பிஎம்மை ஏற்றித் தரும் வேக்கம் ஐடில்-அப் ஒன்று வைத்ததும் சரியானது. முதல் வாரம் முன் கார்ப்பெட் நனைந்தது. கூலிங் காயில் தண்ணீர் வடியும் குழாய் மடங்கியிருந்தது, அதையும் நிமிர்த்தினோம். மொத்தச் செலவு 54,000 ரூபாய், நாள் கணக்கில் பதினெட்டு.

வேலை முடிந்த மறுவாரம் பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பாவைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கீரனூர் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. டேஷ்போர்டு ஜன்னலில் இருந்த தெர்மாமீட்டர் 7 காட்டியது. அப்புறம் “ஒரு பாயிண்ட் கொறப்பா, கை விரைக்குது” என்றார்.

இப்போது இரண்டு கோடை கடந்துவிட்டது. இந்தச் சித்திரையில் கேஜ் வைத்துப் பார்த்தோம், அழுத்தம் போட்ட அன்று இருந்தபடியே இருக்கிறது. குறை என்று சொன்னால் பின் சீட்டுதான். காற்று அங்கே போய்ச் சேர நேரம் எடுக்கிறது, மதியத்தில் கூரையிலிருந்து சூடு இறங்குகிறது. அடுத்ததாக ரூஃப் லைனிங்கை இறக்கிக் கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் ஷீட் ஒட்டப் போகிறோம். டின்கரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.