திருப்பூர் வேலைக்கு வர்றவங்க கவனத்துக்கு

பனியன் கம்பெனி வேலைன்னு மொத்தமா சொல்லிடறோம். உள்ளே நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள் (மெஷின் தையல்), செக்கிங், அயர்ன், பேக்கிங்னு எல்லாமே தனித்தனித் தொழில்.

புதுசா வர்றவங்க பெரும்பாலும் கைமடியாத்தான் சேருவாங்க. டெய்லருக்கு பீஸ் எடுத்துக் கொடுக்கணும், தைச்சதை அடுக்கணும். அப்படியே ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாம தைக்கிற மெஷின்) பழகிக்கலாம்.

கட்டிங் மாஸ்டருக்குப் பொறுமைதான் முக்கியம். ரோலைப் பிரிச்சு துணியைத் தளர விடாம வெட்டினா, பீஸ் சுருங்கி அளவு குறைஞ்சிடும். லாட்டே வீண், பாவம். டெய்லருக்கு எதிரி மழுங்கின ஊசி: தையலோரம் பொடி ஓட்டை விழும், பல நேரம் துவைச்ச பிறகுதான் தெரியும். பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசியே போடுங்க.

சேரும்போதே ஷிஃப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா (பீஸ் கணக்குக்குக் கூலி)ன்னு கேளுங்க. 8 மணி நேரம் ஒரு ஷிஃப்ட். 12 மணி நேரம் ஒன்றரை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டான்னும் தயங்காம கேட்டுடுங்க.