லெக்சிங்டனுக்கு மாறி வந்தவர்கள்

2021 ஆகஸ்டு மாதம் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு நான் வந்து சேர்ந்தபோது, அமெரிக்காவில் அது எனக்கு இரண்டாவது ஊர். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வேறொரு மாநிலத்தில், வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வு நிதி தீர்ந்துவிட்டது, கோடைக்குப் பிறகு சம்பளம் தர இயலாது என்று ஒருநாள் அங்கிருந்த நெறியாளர் சொல்லிவிட்டார். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை என்னை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்; என் எஃப்-1 மாணவர் விசாக் கோப்பு கணினி வழியே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியது; இரண்டு பெட்டிகளோடு நானும் வந்துவிட்டேன். நான் மாறிப் போனதை ஒருவரும் நன்றிகேடு என்று சொல்லவில்லை. வந்த இடத்தில் ஓராண்டு காலம் ஆய்வகத்துக்குள் நுழையக்கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. அப்படியும் ஒரு விதி இருக்க முடியும் என்பதையே இந்த ஊருக்கு வந்த பிறகு, கூடைப்பந்தின் வழியாகத்தான் அறிந்தேன்.

கூடைப்பந்து எனக்குப் புதிதன்று. நான் பெரியகுளத்துக்காரி. கோடை தோறும் அங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன காலத்திலிருந்தே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ராணுவம் என்று அணிகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும், பிறகு வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதுதான் எங்கள் ஊர் அறிந்த வழி. அந்த வேலைக்காகவே ஆடுகிறார்கள் என்று யாரும் அவர்களைக் குறை சொன்னதில்லை. குடும்பத்தைக் கரையேற்றினான் என்றுதான் சொல்வார்கள்.

லெக்சிங்டனில் கண்டது வேறு. கென்டக்கியில் தொழில்முறை என்.பி.ஏ. அணி கிடையாது. அந்த இடத்தை ஒரு பல்கலைக்கழக அணி நிரப்பியிருக்கிறது: எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற அணி, இருபதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய ரப் அரங்கம், ஆட்ட நாளில் கடைக்காரர் முதல் பாதிரியார் வரை உடுத்தும் நீல நிறம். நான் மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் எழுபதைக் கடந்தவர். வீட்டுக்கார அம்மா என்றே எங்கள் வீட்டுத் தொலைபேசிப் பேச்சில் அவருக்குப் பெயர். 1992 வரை வானொலியில் வர்ணனை செய்த காவுட் லெட்ஃபோர்டின் குரலைக் கேட்பதற்காகத் தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிட்டு வானொலியை வைத்துக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அணி ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதையும் பக்கத்தில் குறித்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பார்.

அந்த ஆண்டின் தாளில் என் கண்ணை நிறுத்திய பெயர் ஆஸ்கர் ஷீப்வே. காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுபும்பாஷியில் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, 2021-இன் தொடக்கத்தில் கென்டக்கிக்கு மாறியவர். அந்த நவம்பரில் நியூயார்க்கில் டியூக் அணிக்கு எதிராக அவர் ஆடிய முதல் ஆட்டத்தை வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை இருபது முறை பிடித்தார். அணி தோற்றுப்போனது, ஆனால் வீட்டுக்கார அம்மா அன்றிரவே அவரைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர் என்பது அப்போது அவருக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஒரு பெரிய கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஓராண்டு முழுவதும் ஆட்டத்தில் இறங்காமல் உட்கார வேண்டியிருந்தது என்பதை வீட்டுக்கார அம்மாதான் எனக்குச் சொன்னார். மாற விரும்புகிறவர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. ஒரு முறை மட்டும் காத்திருக்காமல் மாறலாம் என்று 2021-இல் விதி தளர்ந்தது. பிறகு நீதிமன்றத் தடையுத்தரவு ஒன்று வந்து, 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. அந்தப் பழைய விதி பயிற்சியாளர்களைக் கட்டுப்படுத்தியதே இல்லை. 2019-இல் பத்தாண்டுகளுக்கு 86 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்ற கென்டக்கிப் பயிற்சியாளர் ஜான் கலிபாரி, 2024-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அவரை ஒரு நாள்கூட யாரும் உட்கார வைக்கவில்லை. அவருடைய இடத்துக்கு வந்த மார்க் போப், 1996-இல் பட்டம் வென்ற கென்டக்கி அணியில் ஆடியவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்து, ஓராண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அந்தச் சட்டையை அணிந்தார். கோடீஸ்வரர் போகலாம், பத்தொன்பது வயதுப் பையன் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எந்த நியாயத்தால் அவ்வளவு காலம் தாங்கிப் பிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவதைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் நான் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்விக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்கிறபோது இதற்கு மேல் என்ன கூலி என்பதுதான், அடகு வைத்த நகையில் கல்லூரிக் கட்டணம் கட்டிய வீட்டிலிருந்து வந்த எனக்கு இயல்பாக எழுந்த கேள்வி. வீட்டுக்கார அம்மாவும் அதையே சொன்னார். அவருடைய மகன் கல்விக் கடனை நாற்பது வயதைத் தாண்டியும் கட்டிக்கொண்டிருந்தார்.

என் எண்ணத்தை மாற்றியவை இரண்டு. ஒன்று, மாணவ விளையாட்டு வீரர் என்ற சொல்லின் வரலாறு. 1955-இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியபோது தலையில் அடிபட்டு ரே டென்னிசன் என்பவர் இறந்துபோனார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நட்ட ஈட்டை அவருடைய மனைவி கேட்டார். டென்னிசன் கல்லூரியின் ஊழியர் அல்லர் என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகள் எழுந்த அந்தக் காலத்தில்தான், ஆட்டக்காரரை ஊழியர் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. இந்தச் சொல்லை உருவாக்கி எங்கும் புழங்கச் செய்தது. அதன் நிர்வாக இயக்குநராக நெடுங்காலம் இருந்த வால்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தாமே இதை எழுதினார். படிப்புக்குத் தரும் மரியாதை என்று நான் நினைத்திருந்த ஒரு சொல், ஒரு விதவைக்குத் தர வேண்டிய பணத்தைத் தராமல் இருப்பதற்கான அரணாகவும் இருந்திருக்கிறது என்று அறிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றொன்று, ஷீப்வேயின் விசா. ஆட்டக்காரர்களுக்குத் தரும் படிப்பு சார்ந்த உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றாயிற்று. இந்த உரிமையைக் குறிக்கும் என்.ஐ.எல். என்ற மூன்றெழுத்தை ஊரே பேசியது. ஷீப்வே அந்த ஆண்டு சராசரியாக ஆட்டத்துக்கு 17.4 புள்ளிகளும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுகள் 15.1-உம் எடுத்து, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராகத் தேர்வானார். ஆனால் அவரும் என்னைப் போல மாணவர் விசாவில் இருந்தவர். எங்கள் விசாவில், பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டுமே வேலை செய்யலாம். ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்துவந்தேன். அவர்கள் உறையில் வைத்து நீட்டிய பணத்தை ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த புளிக்காய்ச்சலை மட்டும் வாங்கி வந்தேன். எனக்கு அது சிறிய இழப்பு. ஓர் அரங்கத்தை நிரப்புகிற இளைஞருக்கு, பக்கத்தில் ஆடும் அமெரிக்க நண்பர் கார் நிறுவன விளம்பரத்தில் வரும்போது தாம் ஒதுங்கி நிற்பது எத்தகைய இழப்பு என்பதை என்னால் அப்போது நன்றாகவே உணர முடிந்தது. 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுகளுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருந்த அந்தச் சில நாட்களில் அவருடைய விளம்பர வேலைகளைச் செய்து முடித்தார்கள். உழைப்புக்குக் கூலி பெறுவதற்கு ஒருவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. அன்று முதல் நான் வீட்டுக்கார அம்மாவோடு இந்த விஷயத்தில் முரண்படத் தொடங்கினேன்.

ஆனால் அவருடைய வருத்தத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். 2022 மார்ச் 17 அன்று இந்தியானாபோலிஸில், தேசியப் பட்டத்துக்கான போட்டியின் முதல் சுற்றில், ஜெர்சி சிட்டியின் சிறிய செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் கூடுதல் நேரத்தில் 85-79 என்று கென்டக்கியைத் தோற்கடித்தது. ஷீப்வே 30 புள்ளிகள் எடுத்தும் பயனில்லை. வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பதினைந்தாம் தரவரிசையில் நுழைந்து கடைசி எட்டு அணிகளுக்குள் வந்த முதல் அணி என்ற பெயரை அந்தப் பிள்ளைகள் பெற்றபோது, அவரே அவர்களுக்காகக் கைதட்டினார். சில வாரங்களுக்குள் அவர்களுடைய பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்களில் பலரும் வேறு வேறு கல்லூரிகளுக்குப் பிரிந்தார்கள். “நம்மைத் தோற்கடித்தவர்களாவது இன்னும் ஓராண்டு சேர்ந்து இருந்திருக்கக் கூடாதா?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024-இல் குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்த தாளில் ஒன்பது பெயர்களுக்குப் பக்கத்தில் ஊருக்குப் பதிலாக வேறு கல்லூரியின் பெயரை எழுதியிருந்தார்: சான் டியேகோ ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், ஓக்லஹோமா, டேட்டன், டிரெக்செல் என்று அது நீண்டது.

அவர் கண்ணில் படாத இன்னொரு சேதத்தை நான் ஆய்வக வகுப்பில் பார்த்தேன். முதலாமாண்டு வேதியியல் ஆய்வகம் எனக்குத் தரப்பட்ட பணி. ஓட்டப்பந்தய அணியில் இருந்த ஒரு மாணவி மூன்றாவது கல்லூரியாக எங்களிடம் வந்திருந்தார். முந்தைய கல்லூரியில் முடித்த ஆய்வகப் பாடம் இங்கே செல்லாது என்று சொல்லப்பட்டதால், பழகிய தரம்பார்ப்புச் சோதனையை மறுபடியும் செய்துகொண்டிருந்தார். அவருக்கு விளம்பர ஒப்பந்தம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை பேருந்துப் பயணம், ஞாயிறு இரவு திரும்புதல், திங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வகம் என்பதே அவருடைய வாரம். ஊடகங்கள் பேசும் கோடிகளுக்கும் இப்படிப்பட்ட மாணவர்களுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

2025 ஜூன் 6 அன்று ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவதைத் தடுத்த என்.சி.ஏ.ஏ. விதிகளை எதிர்த்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 2.8 பில்லியன் டாலர். அந்த ஜூலை முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பழைய பாக்கியில் மிகப் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது என்று பெண் வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேட்டது சரி என்றே நினைக்கிறேன். என் கருத்தில், பணம் கொடுப்பது மட்டும் போதாது. ஊழியர் என்று ஒப்புக்கொண்டு, இரு தரப்பையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டு, எத்தனை முறை மாறினாலும் பட்டத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பையும் அதில் எழுத வேண்டும். அப்படி இருந்தால் போகிறவர் நேர்மையாகப் போவார், இருக்கிறவர் தம் விருப்பத்தால் இருப்பார், வீட்டுக்கார அம்மாவும் ஒரு பெயரை இரண்டு குளிர்காலமாவது நேசிக்கலாம்.

2025 இலையுதிர் காலத்தில் அவர் புதிய தாளை எழுதியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஓக்லஹோமாவிலிருந்து வந்திருந்த ஒடேகா ஓவே என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்விலிருந்து விலகித் திரும்பி வந்ததால், அந்தப் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார். குரோவேஷியாவிலிருந்து வந்த ஒருவரின் பெயரை எழுதும்போது பேனாவை நிறுத்தி, “இவரும் உன்னைப் போன்ற விசாவில்தான் வந்திருப்பாரா?” என்று கேட்டார். அநேகமாக அப்படித்தான் இருக்கும் என்றேன். பல்கலைக்கழகமே பணம் தரலாம் என்று ஆன பிறகும் அவருக்குக் கிடைக்காதா என்று கேட்டார். வெளிநாட்டு மாணவர்கள் அதைப் பெறுவதற்கு விசாச் சட்டம் இன்னும் தெளிவாக வழிவிடவில்லை என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த மாநிலத்தின் செனட்டருக்குக் கடிதம் எழுத வேண்டும், என்ன எழுதுவது என்று எனக்குச் சொல் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.