செவ்வாய்க்கிழமை ஜெபமாலை

எங்கள் தோப்பில் முக்கால்வாசி பெங்களூரா மரம்தான். தோத்தாபுரியை இங்கே அப்படித்தான் சொல்வோம், கூழுக்குப் போகிற காய். போன சீசனில் ஆலையில் சொன்ன விலை, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே காணவில்லை. சீட்டுப் பணம், உரக்கடை பாக்கி, மகளின் ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அந்தக் காயை நம்பித்தான் இருந்தன. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வா கண்ணு, மாதாகிட்ட போயிட்டு வரலாம்" என்று அத்தைதான் கிளப்பினார். சந்தூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலத்துக்குப் போனோம்.

கூட்டமில்லை. மெழுகுதிரி ஏற்றிவிட்டு உட்கார்ந்தோம். விலை ஏற வேண்டும், அதைத்தான் கேட்க வந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என்பதால் ஜெபமாலையில் துக்க தேவ இரகசியங்கள், அதாவது இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்கிற பகுதி. இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்ததை அத்தை சொல்லித் தொடங்கினார். மாம்பால் பட்டு என் விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஒவ்வொரு மணியாக நகர்த்தும்போதும் சுரீர் என்றது. சிறு வயதிலிருந்து சொல்லி வருகிற ஜெபம்தான், ஆனால் அன்றுதான் உறைத்தது. அந்தப் பூங்காவனம் பூச்செடித் தோட்டமில்லை, ஒலிவ மரங்கள் நின்ற இடம். கெத்சமனி என்ற பெயருக்கே எண்ணெய்ச் செக்கு என்றுதான் பொருள். எங்களைப் போலக் காய் பறித்துப் பிழியக் கொடுக்கிறவர்கள் புழங்கிய மண். அங்கே முழங்காலிட்டு, இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும் என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார். கிண்ணம் போகவில்லை. வானதூதர் ஒருவர் வந்து அவரைத் திடப்படுத்தினார் என்று லூக்கா எழுதுகிறார்.

மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தேன். 1917இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, போர்ச்சுகலின் பாத்திமா ஊரில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்குக் காட்சி கொடுத்து, சமாதானத்துக்காகத் தினமும் ஜெபமாலை சொல்லச் சொன்ன தாய். அந்தப் பிள்ளைகளில் பிரான்சிஸ்கோ 1919இலும், ஜெசிந்தா 1920இலும் விஷக்காய்ச்சல் கண்டு இறந்துபோனார்கள். மாதாவைக் கண்ணால் பார்த்தவர்களுக்கே வந்தது. அதை நினைத்தபோது எனக்குப் பயம் வரவில்லை. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

அப்புறம் விலையையும் கேட்டேன், மறைக்கவில்லை. ஆனால் முதலில் திடன் தாரும் என்றுதான் கேட்டேன். அழுகை வந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் முதுகைத் தடவிக்கொண்டே மீதி மணிகளையும் சொல்லி முடித்தார்.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தோம். அத்தை தூக்குப்போசியைத் திறந்தார். தயிர்ச்சோறு, தொட்டுக்கொள்ள எங்கள் காயில் போட்ட ஊறுகாய். முதல் வாயிலேயே பசி தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வைங்க அத்தை" என்று கையை நீட்டினேன்.